தையல் மெஷின் என்று ஏலம் போன சினிமா மெஷின்

தூத்துக்குடி
14 அக்டோபர் 1946

மகா கனம் பொருந்திய அத்தான் ஞானாபரணம் அவர்கள் சமுகத்துக்கு,

தங்கள் தங்கையைக் கைப்பிடித்த அருமைநாயகம் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் தங்கள் தங்கை அற்புதமணியும் ஆண்டவர் கிருபையால் சரீர சுகத்தோடு இருக்கிறோம். அங்கே தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பதற்கும், சாத்தான்குளத்துக் கிணறுகளில் இந்த வருஷமாவது தண்ணீர் ஊறுவதற்கும் தினமும் ஜெபித்துவருகிறோம். தங்கள் கடிதம் சனிக்கிழமை வந்து சேர்ந்தது. வாசலில் நின்றபடி படிக்க ஆரம்பித்தவன் பாதியில் உட்கார்ந்துவிட்டேன்.

கடிதத்தில் இரண்டு விஷயம் எழுதியிருக்கிறீர்கள். ஒன்று, விசுவாசியின் வீட்டில், குடும்ப ஜெபம் நடக்கிற அதே கூடத்தில், வாரந்தோறும் இங்கிலீஷ் கொலைப் படம் ஓடுகிறதாகக் கேள்விப்பட்டு வெட்கித் தலைகுனிந்தீர்கள் என்பது. மற்றது, எங்கள் மகன் எஸ்றாவைப் பற்றியது. அவன் வேலை பார்த்த ரங்கூனில் குண்டு விழுந்த மாதத்தோடு அவன் கடிதம் நின்றுபோய் நாலு வருஷம் தாண்டிவிட்டது, சண்டையும் முடிந்து, வர வேண்டியவர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள், இனியும் காத்திருப்பது அவிசுவாசத்தோடு சேர்த்தி, ஆகையால் நவம்பர் மாதம் சகல ஆத்துமாக்கள் திருநாளில் மரித்தோர் பெயர்களோடு அவன் பெயரையும் தங்கள் சபையில் வாசிக்க நான் சம்மதம் எழுதி அனுப்ப வேண்டும் என்பது. முதல் விஷயத்துக்கு விளக்கமும் இரண்டாவதற்கு மறுப்பும் எழுதவே இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பகல் வெளிச்சத்தில் படிக்க வேண்டுகிறேன்.

அந்த மெஷின் என் வீட்டுக்குள் எப்படி வந்தது என்பதைத் தாங்கள் மறந்துவிட்டதாகத் தெரிகிறது. போன பிப்ரவரியில் எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகைக்கு, காணிக்கைப் பொருள்களை ஏலம் கூறுவதற்கென்றே வெளியூரிலிருந்து வரவழைக்கப்பட்டவர் தாங்கள். பூசணிக்காய்க்கும் சேவலுக்கும் முருங்கைக்காய்க் கட்டுக்கும் நடுவில், சண்டை முடிந்து சீமைக்குக் கப்பலேறிய துரை ஒருவர் சபைக்கு விட்டுப்போன கனத்த பெட்டி ஒன்றும் இருந்தது. மேல்மூடி வளைந்திருந்தது, மேலே தூக்கக் கைப்பிடி இருந்தது. அதைத் திறந்து பாராமலே, “துரை வீட்டு அம்மா தச்ச தையல் மெஷின்!” என்று கூவியது தாங்கள். கூடக் கிடந்த தட்டைத் தகர டப்பாக்களை நூல்கண்டு டப்பா என்று கொசுறாகச் சேர்த்ததும் தாங்கள். யாரும் கேட்காமல் ஏலம் தொங்கியபோது, “என் தங்கச்சி கல்யாணம் ஆன நாள்லயிருந்து கையாலதான் தைக்கா, நம்ம மைத்துனர் மட்டும் வாயைத் தொறக்காம ஒக்காந்திருக்காரே!” என்று கோயில் வளாகம் முழுக்கக் கேட்கும்படி சொன்னதும் தாங்கள்தான். அதற்குப் பிறகு ஒரு மனுஷன் வாயைத் திறக்காமல் இருக்க முடியுமா? திறந்தேன். ஏலம் என் தலையில் முடிந்தது. வண்டி வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து மூடியைத் தூக்கினால், உள்ளே இரண்டு சக்கரமும் ஒரு பெரிய கண்ணாடிக் கண்ணும் எங்களைப் பார்க்கின்றன. அற்புதமணி அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, “இதுல ஊசி எங்கன கோக்கது?” என்று கேட்டாள். காணிக்கைப் பொருளைத் திருப்பிக் கொடுப்பது வழக்கமில்லை. வைத்துக்கொண்டு சும்மா இருப்பதும் நன்றாக இல்லை. கூட இருந்த இங்கிலீஷ் குறிப்புப் புத்தகத்தை ஒரு வாரம் படித்து, ஒரு சனிக்கிழமை சாயங்காலம், நான் கோயிலுக்குக் கட்டிப்போகிற எட்டு முழ வேட்டியைச் சுவரில் ஆணியடித்துக் கட்டி, மெஷினை ஓட்டினேன். தையல் வரவில்லை. படம் வந்தது.

நூல்கண்டு டப்பாக்களுக்குள் இருந்தவை எல்லாமே கொலைப் படங்கள். இது என் தெரிவு அல்ல. பட்டாளத்துக்காரர்களுக்குப் பொழுது போவதற்காக அமெரிக்காவிலிருந்து வந்தவை. இவை நல்ல படங்கள் என்று நான் தங்களிடம் சாதிக்கப் போவதில்லை. சுமாரான படங்கள்தான். ஒன்றைப் பார்த்தவனுக்கு மற்றதைப் பார்க்க வேண்டிய அவசியமே கிடையாது. பெரிய வீடு ஒன்று இருக்கும். வெளியே மழை பெய்யும். எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் இராது. வீடு முழுக்க எலெக்ட்ரிக் விளக்கு இருந்தாலும், மாடியில் சத்தம் கேட்டால் உடனே எல்லாரும் மெழுகுவர்த்தியைத் தேடுவார்கள். தனியாகப் போகக் கூடாதென்று ஒரு பெண்ணுக்குச் சொல்லப்படும். அவள் தனியாகப் போவாள், அதுவும் குதிகால் உயர்ந்த செருப்பைப் போட்டுக்கொண்டு போய், சமதரையில் விழுவாள். துப்பறிகிறவர் நாற்காலியை விட்டுவிட்டு மேஜைமேல் உட்காருவார். வீட்டுக்குள்ளும் தொப்பியைக் கழற்றமாட்டார். கொலைகாரன் யார் என்று முதல் கால்மணியில் தெரிந்துவிடும்: எல்லாருக்கும் நாற்காலி இழுத்துப் போடுகிற மரியாதைக்காரன் எவனோ, அவன்தான். கடைசியில் அவன் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு, தான் செய்த ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லுவான். போலீசார் படியேறி வந்து சேருகிற வரைக்கும் சொல்லிக்கொண்டே இருப்பான். ஆனால் அத்தான், சுமாரான படத்தில் ஒரு சௌகரியம் இருக்கிறது. அடுத்தது என்னவென்று தெரிந்துகொண்டே உட்கார்ந்திருக்கலாம். தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதெல்லாம் நெஞ்சு அடித்துக்கொள்கிற வீட்டில் அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அனுபவித்தவர்கள்தான் அறிவார்கள்.

கூட்டத்தைச் சேர்த்தேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கூட்டமெல்லாம் இல்லை. பக்கத்து வீட்டுக் கருப்பட்டிக்கடை ஆறுமுகநயினார் அண்ணாச்சியும் அவர் மனைவி சீனித்தாயும் மட்டும் தவறாமல் வருவார்கள். மற்றவர்கள் ஜன்னலுக்கு வெளியே நின்றால் அது தெரு, நான் என்ன செய்ய முடியும்? படம் தொடங்குமுன் சிறு ஜெபம் ஒன்று செய்வேன். கூடத்தில் நாலு பேர் உட்கார்ந்து என்னைப் பார்த்தால் எனக்கு அப்படித்தான் பழக்கம். அண்ணாச்சி அவர்கள் கொள்கைப்படி வேறு தெய்வம் கும்பிடுகிறவர். ஆனாலும் கண்ணை மூடிக்கொள்வார். முத்தமிடுகிற கட்டங்களில் என் உள்ளங்கையை மெஷின் கண்ணுக்கு முன்னால் வைத்து மறைத்தேன். அந்தச் சூட்டில் என் கை கன்றிப்போயிருக்கிறது. தங்களுக்குச் செய்தி சொன்னவர் இதை மட்டும் ஏன் சொல்லவில்லை?

இந்த இருவரின் அபிப்பிராயங்களையும் தாங்கள் கேட்டிருந்தால், இந்தப் படங்களால் யாரும் கெட்டுப்போகவில்லை என்பதை ஒப்புக்கொள்வீர்கள். ஒரு படத்தில் பெரிய கப்பல் ஒன்று பனிமூட்டத்தில் ஊதிக்கொண்டே வந்து கரையை ஒட்டி நிற்க, கொலைகாரன் பலகை வழியாக நடந்து இறங்கினான். அண்ணாச்சி எழுந்து நின்றுவிட்டார். “நிப்பாட்டும், நிப்பாட்டும்! கப்பலு எங்கனவே கரையில வந்து ஒட்டும்? அஞ்சு மைலுக்கு அங்கன நங்கூரம் போட்டு, தோணியில இறங்கித்தான வரணும்? படம் எடுத்தவனுக்குக் கடலே தெரியல!” என்றார். அந்த ஊரில் ஆழம் அப்படி என்று கப்பல் ஏஜெண்டு ஆபீசில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவனாகிய நான் சொல்லியும் அவர் நம்பவில்லை. கொலையை நம்பினார், கப்பலை நம்பவில்லை. இன்னொரு படம் முழுக்க ஒரு முத்துமாலைக்காக ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு விழுகிறார்கள். மாலையைக் கிட்டத்தில் காட்டினார்கள். ஒவ்வொன்றும் அரைநெல்லிக்காய் பருமன், எல்லாம் ஒரே அச்சு. சீனித்தாய், “ஏ அய்யா, கடல்ல விளைஞ்ச முத்து ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்குமா? இது கண்ணாடி. இதுக்குப் போயா அடிச்சுக்கிடுதானுவ?” என்று சொல்லிவிட்டு, மீதிப் படத்தில் ஒருவர் செத்தால்கூட இரக்கப்படவில்லை. அவருக்கு எல்லாக் கொலைக்கும் ஒரே காரணம்தான். படத்தில் யாராவது கதவைத் தட்டி உள்ளே வந்தால், அவனுக்கு எதையோ கிளாசில் ஊற்றுகிறார்கள். அவனும் குடிக்காமல் வைத்துவிடுகிறான். “வந்தவனுக்கு ஒரு வாய் சோறு போட்டிருந்தா அவன் எதுக்குச் சுடுதான்?” என்பார் சீனித்தாய். இதைவிட நல்ல பிரசங்கத்தை நான் கோயிலில் கேட்டதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளைக்கார மிஷனரி ஐயர்மார் எங்கள் சபைக்கு வரும்போதெல்லாம் பக்கத்தில் நின்று, அவர்கள் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் சொல்லுகிற ஊழியம் என்னுடையது என்பதைத் தாங்கள் அறிவீர்கள். ஐயர் சளி பிடித்து மூக்கால் பேசுகிற நாட்களில்கூட சபையை வெறுங்கையோடு அனுப்பியதில்லை. விளங்காத இடத்தில் தக்க உபதேசம் ஒன்றை நானே சேர்த்துக் கொடுத்துவிடுவேன். ஒருதரம் அவர் சொன்ன சின்ன வாக்கியத்துக்கு நான் சொன்ன தமிழ் நீண்டுபோய், அவர் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். ஆகவே படம் ஓடத் தொடங்கியதும், “என்னவே சொல்லுதான்?” என்று ஆறுமுகநயினார் கேட்டபோது, மெஷினுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்று, அதே முறைப்படி மொழிபெயர்க்கலானேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு விளங்கியது கொஞ்சம்தான். இந்த அமெரிக்கர்கள் வாய் நிறைய வெற்றிலையை அடக்கிக்கொண்டவர்கள் மாதிரி பேசுகிறார்கள். ஆனாலும் கூடியிருக்கிறவர்களை ஏமாற்றி அனுப்ப எனக்கு மனம் வருமா?

முதல் படத்தின் முதல் கட்டத்திலேயே ஒரு வாலிபன் ஜன்னல் பக்கத்தில் நிற்கிறான். உடம்பின் பாரத்தையெல்லாம் ஒரு காலில் போட்டு, ஜன்னல் சட்டத்தில் சாய்ந்து நிற்கிறான். எஸ்றா அப்படித்தான் நிற்பான் என்பது தாங்களும் அறிந்ததே. வெளியேயிருந்து துப்பாக்கி வெடித்தது. அவன் விழுந்தான். “செத்துப்போனான்” என்கிற வார்த்தை என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் அற்புதமணி மூலையில் பாய்மேல் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நாலு வருஷமாக வீட்டில் தேவைக்குமேல் ஒரு வார்த்தை பேசாதவள் அவள். நான் என்ன செய்வேன், அத்தான்? “காயம்தான் பட்டிருக்கிறது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள்” என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் அதன் கஷ்டம் தெரிந்தது. ஒரு வாக்கியத்தை மாற்றிவிட்டால் படம் முழுவதையும் மாற்ற வேண்டியிருக்கிறது. அடுத்த கட்டத்தில் அவனைப் பெட்டியில் வைத்து மூடினார்கள். “ஆஸ்பத்திரி ரொம்ப தூரம், குளிர் தேசம், அதனால் இப்படித்தான் கொண்டுபோவார்கள்” என்றேன். “மூச்சு முட்டாதா?” என்று கேட்டார் அண்ணாச்சி. பெட்டியில் துவாரம் உண்டு என்றேன். குழி தோண்டினார்கள். சட்டென்று அந்த இடத்தில் தோன்றியது, புதிய ஆஸ்பத்திரிக்கு அஸ்திவாரம் என்று. அவன் மனைவி கறுப்பு உடையில் வந்தாள். புருஷன் வெளியூரில் இருக்கிற வரைக்கும் அங்கே பெண்கள் கறுப்பு உடுத்துவது வழக்கம் என்றேன். துப்பறிகிறவர் வீடு வீடாகப் போய் விசாரிக்கிறாரே, எதற்கு? வாலிபன் குணமாகி எந்த ஊரில் இருக்கிறான் என்று அவனுடைய விலாசத்தைக் கேட்டுத்தான். ஏன் யாரும் சொல்லமாட்டேன் என்கிறார்கள்? அவன் எழுதுகிற கடிதங்களை இந்த வீட்டில் எவனோ மறைத்துவிடுகிறான். கடைசியில் மரியாதைக்காரன் பிடிபட்டு விலங்கோடு போகிறான்; இத்தனை நாளும் தபாலை மறைத்தவன் அவன்தான். அதற்குப் பிறகு எல்லாப் படமும் இதே கதையாகிவிட்டது. எவனும் சாகவில்லை. எல்லாரும் தூரத்தில் சுகமாக இருந்து, வருவதற்குக் கப்பலில் இடம் கிடைக்காமல் காத்திருந்தார்கள். ஆறுமுகநயினார் அண்ணாச்சி ஒருநாள் பொறுக்காமல், “என்னவே இது, ஒரு கடுதாசிய மறைச்சதுக்கா அவனைத் தூக்குல போடுதான்?” என்றார். “போடட்டும்!” என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவர் படத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இதைப் பொய் என்று தாங்கள் தீர்ப்புச் சொல்லலாம். சொல்லுமுன் இதையும் கேளுங்கள். முத்துமாலைப் படத்தில் ஒரு வயதான தகப்பன், சுடப்பட்ட மகனுடைய சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அழுகிறான். அந்த இடத்தில் எனக்குத் தொண்டையில் ஏதோ தூசி. அன்று காற்றும் அதிகம், உப்பளத்துப் பக்கமிருந்து வீசியது. மொழிபெயர்ப்பு சற்று நின்றுவிட்டது. அப்போது மூலையிலிருந்து அற்புதமணி, “அவன் எப்ப வருவானாம்?” என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் ஒருவனுடைய வருகையைப் பற்றி அவளாக வாய்திறந்து கேட்டது அன்றுதான்! எனக்குப் பேச்சு திரும்பி வந்துவிட்டது. “கார்த்திகைக்கு முந்தி வந்துவிடுவான், சட்டையைத் துவைத்து வைக்கச் சொல்லி எழுதியிருக்கிறான்” என்றேன். அவள் தலையை ஆட்டினாள். அத்தான், தங்கள் தங்கைக்கு நம்பிக்கை இருக்கிறது. அந்த நம்பிக்கையைப் பாதுகாக்கிற பொறுப்பு என்னுடையது. அன்று முதல் ஒவ்வொரு படம் முடிந்த பிறகும் நாங்கள் இருவரும் சாப்பிட உட்கார்ந்து, அந்தப் பையன் அங்கே என்ன சாப்பிடுவான், அவனுக்குச் சோறு கிடைக்குமா, யார் துணி துவைப்பார்கள் என்றெல்லாம் பேசிக்கொள்கிறோம். படத்துப் பையனைப் பற்றித்தான்.

போன வாரம் நடந்ததையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். மெஷினில் ஒரு நெம்புகோல் இருக்கிறது. அதுவரை அதை நான் தொட்டதில்லை. அன்று முதல் படத்தை மறுபடி போட்டிருந்தேன். வாலிபன் சுடப்பட்டு விழுந்ததும், வேட்டியைச் சரிப்படுத்தத் திரும்பியவன் கை அதில் பட்டுவிட்டது. படம் பின்னால் ஓடத் தொடங்கியது. தரையில் கிடந்தவன் தானாக எழுந்தான். நெஞ்சிலிருந்த புகை ஜன்னல் வழியாக வெளியே போய்த் துப்பாக்கிக்குள் புகுந்தது. அவன் ஜன்னல் சட்டத்தில் சாய்ந்து, ஒரு காலில் பாரத்தைப் போட்டு, பழையபடி நின்றான். ஜன்னலுக்கு வெளியே நின்றவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். நெம்புகோலை முன்னுக்குத் தள்ளினேன், விழுந்தான். பின்னுக்கு இழுத்தேன், எழுந்தான். இதற்கு மொழிபெயர்ப்பே வேண்டியிருக்கவில்லை. எத்தனை தரம் அப்படிச் செய்தேன் என்று நினைவில்லை. விழவிட எனக்கு மனமில்லை, எழுப்பவேண்டுமானால் விழவிடத்தான் வேண்டியிருந்தது. கடைசியில் அற்புதமணி எழுந்து வந்து என் கையைப் பிடித்து, “போதும், நிப்பாட்டுங்க” என்றாள். சந்தோஷம் தாங்கமுடியாமல் சொன்னாள் என்று நினைக்கிறேன். அதே நேரத்தில் மெஷினுக்குள் பட்டென்று சத்தம் கேட்டு வெளிச்சம் போய்விட்டது. திறந்து பார்த்தால் பல்பு பீஸ் போயிருந்தது. ஊர் முழுக்க விசாரித்துவிட்டேன், அந்த மாதிரி பல்பு இங்கே கிடைக்காது.

மூன்றாம் நாள் தங்கள் கடிதம் வந்தது. ஆகையால் இரண்டையும் ஒரே இடத்திலிருந்து வந்த எச்சரிப்பாக எடுத்துக்கொண்டு, மெஷினைத் துணியால் மூடி மேலே தூக்கி வைத்துவிட்டேன். வேட்டியையும் வெளுக்கப் போட்டாயிற்று. முதல் விஷயத்தில் தங்கள் சொல்லுக்குக் கீழ்ப்படிந்தேன். இனி இந்த வீட்டில் படம் ஓடாது.

இரண்டாவது விஷயத்தில் மட்டும் கீழ்ப்படிய முடியாது. என்னைப் பொறுத்தவரை நான் ஆண்பிள்ளை, கப்பல் ஆபீசில் வேலை பார்க்கிறவன், பர்மாவிலிருந்து வந்த ஜனங்களின் பெயர்ப் பட்டியல்களைப் பார்த்தவன், எதையும் தாங்குவேன். தினமும் ஆபீஸ் விட்டு வரும் வழியில் தபாலாபீசில் எட்டிப் பார்ப்பது வழியில் இருக்கிறதென்பதால்தான். ஆனால் அற்புதமணி தாங்கமாட்டாள். நவம்பர் மாதம் மரித்தோர் பெயர்களை வாசிக்கும்போது அந்தப் பெயர் அவள் காதில் விழுந்தால், அப்புறம் எனக்குத் தங்கள் தங்கை இல்லை. ஆகவே எஸ்றாவின் பெயரை எந்தச் சபையிலும், எந்த நாளிலும் வாசிக்கக் கூடாதென்று தங்கள் காலைத் தொட்டு மன்றாடுகிறேன். வயதில் மூத்தவர், கோபமிருந்தால் என்மேல் காட்டுங்கள், அவளிடம் ஒன்றும் எழுதிவிடாதீர்கள்.

அக்காவுக்கு என் வணக்கம் சொல்லவும். பிள்ளைகளை ஆண்டவர் நல்ல படிப்போடும் நல்ல பற்களோடும் ஆசீர்வதிப்பாராக. இங்கே மழை இல்லை. உப்பு நன்றாக விளைந்திருக்கிறது. கடிதத்தை முடித்துவிட்டேன். கவரை ஒட்டும்படி அற்புதமணியிடம் கொடுத்துவிட்டுத் தபால்தலை வாங்கப் போகிறேன். என் கடிதங்களைப் படிக்கிற வழக்கம் அவளுக்குக் கிடையாது.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மைத்துனன்,
ஞா. அருமைநாயகம்

பி.கு.: அண்ணன், இது நான், அற்புதமணி. ஒட்டுவதற்குமுன் படித்தேன். எப்போதும் படிப்பேன். தபால்தலை வாங்கப் போன இவர்கள் திரும்பி வருவதற்குள் எழுத வேண்டும்.

எஸ்றா போய்விட்டான். எனக்குத் தெரியும். போன கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் கயத்தாற்றுக்காரர் ஒருவர், இசக்கியப்பன் என்று பெயர், வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். ரங்கூன் அரிசி மில்லில் அவனோடு வேலை பார்த்தவர். சண்டையில் எல்லாரும் நடந்து வந்தபோது, புரோம் என்கிற ஊரைத் தாண்டி மலையேறுகிற வழியில் அவனுக்கு வாந்திபேதி கண்டதாம். இசக்கியப்பன்தான் தன் கையால் மண் தள்ளி மூடியிருக்கிறார். மேலே நடக்கத் தெம்பில்லாமல் திரும்பிப்போய், சண்டை முடிந்தபிறகு கப்பலில் வந்திருக்கிறார். சோறு போட்டேன். சாப்பிட முடியாமல் அழுதார். அன்று சாயங்காலம் இவர்கள் தபாலாபீசிலிருந்து வந்து, பர்மாத் தபால் மூட்டை மறுபடி வர ஆரம்பித்துவிட்டது என்று சிரித்த முகமாகச் சொன்னார்கள். அந்த முகத்தைப் பார்த்து எனக்குச் சொல்ல வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

பெட்டியில் வைத்து மூடினால் என்ன அர்த்தம் என்பதற்கு எனக்கு இங்கிலீஷ் தெரிய வேண்டாம், அண்ணன். சீனித்தாய்க்கும் அண்ணாச்சிக்கும்கூடத் தெரியும். உங்கள் மைத்துனருக்காகத்தான் நாங்கள் மூன்று பேரும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். சட்டையை வைத்துக்கொண்டு அந்த மனுஷன் அழுதபோது இவர்களும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். அதனால்தான் எப்போது வருவான் என்று கேட்டேன்.

ஆகையால் இரண்டு காரியம் செய்யுங்கள். நவம்பரில் உங்கள் கோயிலில் அவன் பெயரை வாசியுங்கள். நான் அண்ணிக்குச் சுகமில்லை என்று சொல்லிக்கொண்டு தனியாக வருவேன். என் பிள்ளைக்காக ஒரு தடவையாவது நான் வாய்விட்டு அழவேண்டும். இந்த வீட்டில் அதற்கு இடமில்லை. இவர்களுக்கு நானே ஒருநாள் சொல்லுவேன், இப்போது முடியாது.

மற்றது, மதுரையில் போட்டோ சாமான் கடைகளில் இந்த மெஷினுக்குப் பல்பு கிடைக்கும் என்கிறார் அண்ணாச்சி. எப்படியாவது ஒன்று வாங்கி அனுப்புங்கள். நீங்களே மனமிரங்கி அனுப்பியதாக இருக்கட்டும். பல்பு போன நாளிலிருந்து இவர்கள் சாப்பிட உட்கார்ந்தால் ஒரு வார்த்தை பேசுவதில்லை. படம் ஓடினால்தான் என் மகனைப் பற்றி என்னோடு பேசுகிறார்கள்.